நின்றுபோன சீரியல் திரும்ப வருமா? பண்ணைக்காட்டுக் கேள்விக்கு ஒரு பதில்

கொடைக்கானல் மலையில் இருக்கும் பண்ணைக்காட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டது இது. கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

"அண்ணே, எங்கள் மகளிர் குழுவில் எல்லாரும் ஒன்று விடாமல் பார்த்துவந்த ராத்திரி ஒன்பதரை மணி சீரியல் போன மாதம் திடீரென்று நின்றுவிட்டது. பெருமாள்மலைப் பக்கம் எடுத்தார்களே, பூண்டு வியாபாரம் செய்கிற பெண்ணின் கதை, அதுதான். தொலைந்துபோன தம்பி என்ன ஆனான் என்றுகூடச் சொல்லாமல் 'முற்றும்' போட்டுவிட்டார்கள். இந்த மலை முழுக்கப் பார்த்த சீரியலை எப்படி நிறுத்தினார்கள் என்றே புரியவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம், 600 தாண்டிவிட்டது. சேனல் ஆபீசுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் மலைப்பூண்டு அனுப்பலாம் என்றும் பேச்சு இருக்கிறது. நாமே பணம் போட்டு எடுத்தால் என்ன என்கிறார் ஒரு அக்கா. நீங்கள் சீரியல் கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்த்தவர் என்பதால் கேட்கிறோம். திரும்ப வருமா?"

சீரியலின் பெயரை இங்கே எழுதவில்லை. அதில் வேலை செய்தவர்கள் இன்னும் அதே சேனலில் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருப்பவர்கள். பெயர் இல்லாமலே விஷயம் புரியும்.

தங்கச்சி, அதே சீரியல், அதே ஒன்பதரை மணிக்கு, அதே ஆட்களோடு திரும்ப வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் தம்பி என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ள இன்னும் வழி இருக்கிறது. சீரியலை மறுபடி தொடங்கச் சொன்னால் யாராவது ஒரு வருடத்துக்குப் பணம் போட வேண்டும், வேறொரு சீரியலைத் தூக்கிவிட்டு நேரம் ஒதுக்க வேண்டும். கதையை முடித்துக் கொடுக்கச் சொன்னால் சில நாள் படப்பிடிப்போடு வேலை தீரும். நீங்கள் கையெழுத்து வாங்கும் தாளில் இரண்டில் எதை எழுதியிருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் முதலாவதைத்தான் எழுதியிருப்பீர்கள். எல்லா ரசிகர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

மலை முழுக்கப் பார்த்தோமே என்கிறீர்கள். பார்த்தீர்கள், சந்தேகமில்லை. ஆனால் அது எங்கும் பதிவாகவில்லை. டிவியில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று 2015 முதல் கணக்கெடுப்பது பார்க் என்ற அமைப்பு. டிஆர்பி என்று நாம் சொல்வது அவர்கள் தரும் கணக்கிலிருந்துதான். 2020 நிலவரப்படி நாடு முழுக்க டிவி உள்ள வீடுகள் சுமார் 21 கோடி. அதில் மீட்டர் பொருத்திய வீடுகள் சுமார் 44,000. வகுத்துப் பாருங்கள், ஒரு மீட்டர் வீடு ஏறக்குறைய 4,800 வீடுகளுக்காகப் பேசுகிறது. பிறகு மீட்டர்களைக் கூட்டியிருக்கிறார்கள், ஆனாலும் நிலைமை இதே ரகம்தான். சேனல்கள் தங்கள் ஒலியில் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைக் கலந்து அனுப்புகின்றன. மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். வீட்டில் யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதை அவரவர் தனக்குரிய பொத்தானை அழுத்தித் தெரிவிக்க வேண்டும். பண்ணைக்காட்டில் ஒரு மீட்டர்கூட இல்லையென்றால், ஊரே உட்கார்ந்து பார்த்தாலும் அந்தக் கணக்கில் உங்கள் ஊர் பூஜ்யம்தான். இருந்தாலுமே கொடைக்கானல் தாலுகாவுக்கென்று தனி எண் வராது. தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்த்து ஒரு சந்தை, வியாழக்கிழமை தோறும் ஒரு எண். அந்த வியாழக்கிழமைக் காலையில் சீரியல் கம்பெனி ஆபீசில் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார்கள்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. மீட்டர் எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடிப்போகும் வேலை வேண்டாம். அந்த வீடுகள் ரகசியமாக வைக்கப்படுபவை. மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனலை ஓடவிட்டார்கள் என்ற புகாரில் 2020இல் மும்பை போலீஸ் வழக்கே போட்டது.

எண் குறைந்தால் உடனே தூக்கிவிடுவார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. செலவோடு சேர்த்துத்தான் எண்ணைப் பார்ப்பார்கள். இங்கேதான் நம் மலை வருகிறது. சென்னையில் வளசரவாக்கம், போரூர் பக்கம் ஒரு ஷூட்டிங் ஹவுஸில் எடுத்தால் ஆர்ட்டிஸ்ட் காலையில் வந்து ராத்திரி வீட்டுக்குப் போய்விடுவார். அதே யூனிட்டைப் பெருமாள்மலைக்குக் கொண்டுவந்தால் ரூம், மூன்று வேளைச் சாப்பாடு, வெளியூர் பேட்டா எல்லாம் ஏறும். ஜெனரேட்டர் வண்டி வத்தலகுண்டிலிருந்து காட் ரோட்டில் ஊர்ந்து வரவேண்டும். வெயிலில் பாதி எடுத்த சீனுக்கு மீதியை எடுக்க உட்கார்ந்தால் மதியம் மேகம் இறங்கிவிடும், எதிரில் நிற்பவர் முகம் தெரியாது, பேக்கப். ஏப்ரல், மே என்றால் ரூம் வாடகை எங்கேயோ போய்விடும். போதாததற்கு 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று ஐகோர்ட் வரம்பும் வைத்தது. இதையெல்லாம் தாங்கிக்கொண்டு தினமும் ஒரு எபிசோடு கொடுப்பது சாதாரண காரியமில்லை. அதனால்தான் மலையில் தொடங்கும் கதைகள் சில மாதத்திலேயே ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிச் சென்னைக்கு இறங்கிவிடும். உங்கள் சீரியலில் வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் நடந்த கதை திடீரென்று கோயம்பேட்டுக்கு மாறியதே, நினைவிருக்கிறதா? அது கதாநாயகியின் முடிவு இல்லை, அக்கவுண்ட்ஸ் ஆபீசின் முடிவு. சீரியல் தள்ளாடுகிறது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி. சத்தம் போட வேண்டிய நேரமும் அதுதான். நிறுத்திய சீரியலைத் திரும்பக் கொண்டுவருவதைவிட நிறுத்தப்போகும் சீரியலைத் தாங்கிப்பிடிப்பது எவ்வளவோ சுலபம்.

அடுத்து, யாரிடம் கேட்பது? கதை யாருக்குச் சொந்தமோ அவரிடம். இது பலருக்குத் தெரிவதில்லை. தமிழ் சீரியல் உலகில் இரண்டு முறை உண்டு. ஒன்று, தயாரிப்பாளர் சேனலிடம் நேரத்தை வாங்கி, விளம்பரத்தை விற்றுத் தன் லாபத்தைப் பார்ப்பது. இன்னொன்று, சேனலே எபிசோடுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து எடுக்கச் சொல்வது. இதைக் கமிஷன் முறை என்பார்கள். இப்போது பெரும்பாலும் இந்த இரண்டாவது முறைதான். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காகப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை பணம் கொடுத்தவருக்கே. ஆக இந்த முறையில் சேனல் வேண்டாம் என்றால் டைரக்டரும் கதாநாயகியும் எவ்வளவு ஆசைப்பட்டாலும் வேறு சேனலுக்குக் கதையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. டைரக்டர் வீட்டு வாசலில் போய் நின்று பிரயோஜனமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உரிமைச் சிக்கல் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு நம் ஊர்க் குகையே சாட்சி. 1991இல் வந்த 'குணா' படத்தால்தான் அந்தக் குகைக்கு அந்தப் பெயரே வந்தது. 2024இல் ஒரு மலையாளப் படத்தில் அந்தக் குகையும் பாட்டும் வந்து, மோயர் பாயின்ட் ரோட்டில் வண்டி நிறுத்த இடமில்லாமல் போனது உங்களுக்கே தெரியும். அந்த வேகத்தில் பழைய படத்தை மறுபடி தியேட்டரில் விடலாம் என்று ஏற்பாடு செய்தபோது, உரிமை என்னுடையது என்று ஒருவர் ஐகோர்ட் போக, ஜூலையில் இடைக்காலத் தடை வந்தது. தடை விலகிப் படம் திரைக்கு வர நவம்பர் கடைசி ஆகிவிட்டது. பார்க்க ஆள் இருக்கிறது, தியேட்டர் தயார், படமும் கையில் இருக்கிறது. அப்படியும் அத்தனை மாதம்.

சரி, ரசிகர்கள் கேட்டு எங்குமே எதுவும் வந்ததில்லையா? வந்திருக்கிறது. ஆனால் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

இதில் எல்லாருக்கும் மூத்தது அமெரிக்காவின் 'ஸ்டார் ட்ரெக்'. 1966இல் என்பிசி சேனலில் தொடங்கியது. இரண்டாவது வருடமே நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வர, ஒரு தம்பதியர் முன்னின்று கடிதம் எழுதும் இயக்கத்தை நடத்தினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் கடிதங்கள் குவிந்தன. மாணவர்கள் தீப்பந்தம் ஏந்தி ஸ்டூடியோவுக்கு ஊர்வலம் போனார்கள். கடைசியில் 1968 மார்ச்சில் சேனலே நிகழ்ச்சி முடிந்ததும், தொடர் நிற்காது, தயவுசெய்து கடிதம் போடுவதை நிறுத்துங்கள் என்கிற மாதிரி அறிவிக்க வேண்டியதாயிற்று. ஜெயித்துவிட்டார்கள் என்று எல்லாரும் எழுதுவது இதோடு முடிந்துவிடும். அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். மூன்றாவது வருடம் தொடரை வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தள்ளினார்கள், பட்ஜெட்டைக் குறைத்தார்கள். அடுத்த வருடம் 79 எபிசோடுகளோடு நிறுத்தியும்விட்டார்கள். அந்தத் தொடருக்கு உண்மையான மறுவாழ்வு கிடைத்தது 70களில் உள்ளூர்ச் சேனல்கள் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டியபோதுதான். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் 1979இல் சினிமா வந்தது, 1987இல் புதுத் தொடர் வந்தது.

உங்கள் பூண்டு யோசனைக்கு அண்ணன் முறையில் ஒரு கதை உண்டு. 2007இல் சிபிஎஸ் சேனல் 'ஜெரிகோ' என்ற தொடரை ஒரே சீசனோடு நிறுத்தியது. கடைசி எபிசோடில் சரணடையச் சொல்லும் எதிரிக்குக் கதாநாயகன் சொல்லும் பதில் 'நட்ஸ்'. இரண்டாம் உலகப்போரில் ஒரு அமெரிக்கத் தளபதி ஜெர்மானியர்களுக்கு உண்மையாகவே கொடுத்த பதில் அது. ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டு சேனலுக்கு வேர்க்கடலை அனுப்பினார்கள், சுமார் 20 டன். சேனல் இறங்கிவந்து 7 எபிசோடுகள் கொடுத்தது. அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அந்த ஏழாவது எபிசோடுக்கு இரண்டு முடிவுகளை எடுத்து வைத்திருந்தார்கள், தொடர்ந்தால் ஒன்று, நின்றால் ஒன்று. 2008இல் எண் வரவில்லை, நின்றது. ஆனால் கதை முடிந்தது.

2009இல் 'சக்' தொடரின் ரசிகர்கள் இன்னும் சாமர்த்தியமாக யோசித்தார்கள். சேனலுக்குக் கெஞ்சுவதை விட்டுவிட்டு, அந்தத் தொடரில் விளம்பரம் செய்த சப்வே கடைகளுக்குப் போய் சாண்ட்விச் வாங்கினார்கள், எதற்காக வாங்குகிறோம் என்று அங்கேயே எழுதியும் போட்டார்கள். சப்வே அடுத்த சீசனுக்குப் பணத்தோடு வந்தது. சேனலுக்கு வேறென்ன வேண்டும்? உங்கள் சீரியலுக்கு நடுவில் எந்த மசாலா, எந்த நகைக்கடை விளம்பரம் வந்தது என்று குழுவில் யாருக்காவது நினைவிருக்கும். சேனலுக்கு எழுதும் அதே கடிதத்தை அந்தக் கம்பெனிகளுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். நம் ஊரில் இதை யாரும் செய்வதே இல்லை.

ஓடிடி வந்த பிறகு ஒரு பெரிய மாற்றம். அங்கே மீட்டர் வீடு கிடையாது, ஒவ்வொருவர் பார்ப்பதும் எண்ணப்படுகிறது. 2021இல் என்பிசி கைவிட்ட 'மேனிஃபெஸ்ட்' தொடர் நெட்ஃபிளிக்ஸில் ஏறியதும் வாரக்கணக்கில் முதலிடத்தில் நின்றது. கணக்கு கண்ணெதிரே இருந்ததால் நெட்ஃபிளிக்ஸே கடைசி சீசன் ஒன்றை எடுத்தது. 'சென்ஸ் எய்ட்' என்ற தொடரை அதே நெட்ஃபிளிக்ஸ் 2017இல் நிறுத்தியபோது ரசிகர்கள் விடவில்லை. சீசன் கிடைக்கவில்லை, 2018இல் இரண்டரை மணி நேர முடிவு ஒன்று கிடைத்தது. நீங்கள் கேட்க வேண்டியது இந்த மாதிரி ஒன்றைத்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம். விஜய் டிவியில் 'இது காதலா' என்று தமிழ் பேசியதே, அந்த இந்தித் தொடர் 2012இல் நாயகன் விலகியதும் முடிந்தது. ரசிகைகள் வருடக்கணக்கில் விடாமல் கேட்டார்கள். 2015இல் ஹாட்ஸ்டாரில் 8 எபிசோடு கொண்ட குறுந்தொடராக அதே ஜோடி திரும்ப வந்தது. டிவியில் அந்த நேரத்தைத் திரும்பப் பெற முடியவில்லை, செல்போனில் எட்டே எபிசோடு கிடைத்தது. 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' 2004 முதல் 2006 வரை ஓடியபோது எண்ணில் சுமார்தான். மறுஒளிபரப்பில் கூட்டம் சேர்ந்து 2017இல் ஹாட்ஸ்டாரில் மறுபடி வந்தது. பழைய ருசி இல்லை என்பது என் கருத்து. பத்து வருடம் கழித்து அதே வீட்டு வரவேற்பறையில் அதே ஆட்களை உட்கார வைத்தால் சிரிப்பும் அதே இடத்தில் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தமிழில் 'கனா காணும் காலங்கள்' 2022இல் திரும்ப வந்தபோது பெயர்தான் பழையது, பிள்ளைகள் எல்லாரும் புதியவர்கள். சேனலுக்குப் பெயர் மேல் ஆசை, ரசிகர்களுக்குப் பாத்திரங்கள் மேல் ஆசை. இந்த வித்தியாசத்தைக் கடிதத்தில் தெளிவாக எழுதாவிட்டால் உங்களுக்கும் பெயர் மட்டும்தான் திரும்பக் கிடைக்கும்.

தமிழில் நல்ல உதாரணம் 'எதிர்நீச்சல்'. 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கியது. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானார். வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். 2024 ஜூனில் தொடர் சட்டென்று முடிக்கப்பட்டபோது ரசிகர்கள் கொட்டிய கோபம் கொஞ்சமில்லை. அதே டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று, ஜனனியாக வேறொரு நடிகையோடு, வந்துவிட்டது. இதைத்தான் எல்லாரும் நம்பிக்கைக்குக் காட்டுவார்கள், உங்கள் குழுவிலும் காட்டியிருப்பார்கள். ஆனால் அந்தத் தொடர் ஓடிய காலத்தில் எண்ணில் முன்வரிசையில் நின்றது. டைரக்டர் திருச்செல்வம் 'கோலங்கள்' காலத்திலிருந்து அதே சேனலில் பெயரெடுத்தவர். சேனல், டைரக்டர், கூட்டம் மூன்றும் அப்படியே இருந்தன. ஏழு மாதத்துக்குள் திரும்ப வந்ததற்கு அதுதான் காரணம். எண் குறைவாக இருந்த சீரியலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2020இல் கொரோனாவால் மார்ச் 19ஆம் தேதி படப்பிடிப்புகள் நின்றபோது, 'அழகு' போன்ற சில சீரியல்கள் அப்படியே முடிக்கப்பட்டன. ஆர்ப்பாட்டம் செய்ய யாருக்கும் அப்போது மனநிலையும் இல்லை.

ஆன்லைன் மனுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் ஒரு மனு ஒரு சீரியலின் தலையெழுத்தையே மாற்றியது 2017இல். சோனி சேனலில் ஒரு சின்னப் பையனுக்கும் வயது வந்த பெண்ணுக்கும் கல்யாணம் நடப்பதாக வந்த இந்தித் தொடருக்கு எதிராக ஊரெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். சில வாரத்திலேயே தொடர் போய்விட்டது. நிறுத்தச் சொன்னால் மனுவுக்குப் பலம் இருக்கிறது, ஏனென்றால் நிறுத்த யாரும் பணம் போட வேண்டியதில்லை.

கடிதம் எழுதுவது இந்த மலைக்குப் புதிதா என்ன? 80களின் பிற்பகுதியில் இங்கே டிவி டவர் நின்ற பிறகுதான் தென் மாவட்டங்களில் பாதிப் பேர் மெட்ராஸ் தூர்தர்ஷனையே பார்த்தார்கள். அப்போது 'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி வரும், நேயர்கள் எழுதிய குறைகளை வாசித்து நிலையத்தார் பதில் சொல்வார்கள். கோடை பண்பலைக்கு அஞ்சலட்டை எழுதியே பெயர் பெற்ற நேயர்கள் திண்டுக்கல், தேனிப் பக்கம் எத்தனை பேர். அந்தக் காலத்து அஞ்சலட்டைக்கு ஒரு மரியாதை உண்டு, எழுதியவர் மெனக்கெட்டிருக்கிறார் என்று தெரியும். இன்றைக்கும் அது மாறவில்லை. ஹேஷ்டேக் போட்டால் சேனலில் சோஷியல் மீடியா பார்க்கும் பையன் பார்ப்பான், அவனுக்கு அதிகாரம் கிடையாது. மேசைக்கு வந்து சேர்ந்த கடிதத்தைச் சேனலில் சீரியல்களைக் கவனிக்கும் ஃபிக்‌ஷன் ஹெட் ஒரு தடவையாவது புரட்டுவார்.

ஆகையால் 600 கையெழுத்தை ஒரே கட்டாக அனுப்பாமல், அதில் நன்றாக எழுதக்கூடிய முப்பது பேரைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும். யார், என்ன வயது, வீட்டில் எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த எபிசோடு பிடித்தது என்று எழுதட்டும். கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: தம்பி கதையை முடித்து ஒரு மணி நேரச் சிறப்பு எபிசோடு, டிவியில் முடியாவிட்டால் சேனலின் ஆப்பிலோ யூடியூபிலோ. சென்னையிலேயே எடுக்கலாம், மலையே காட்ட வேண்டாம் என்றும் எழுதுங்கள். நம்மிடமிருந்து அந்த வரி வந்தால் அவர்களுக்குப் பாதிப் பாரம் இறங்கும். சேனலின் ஃபிக்‌ஷன் பிரிவுக்கு ஒன்று, தயாரிப்பு கம்பெனிக்கு ஒன்று, பிரதி விளம்பரக் கம்பெனிக்கு. நடிகர்களைத் திட்டியோ, அந்த நேரத்தில் இப்போது ஓடும் புதுச் சீரியலைச் சபித்தோ ஒரு வார்த்தை வேண்டாம். அந்தப் புதுச் சீரியலும் பெரும்பாலும் அதே ஆபீசில் அதே மேசையிலிருந்து வந்ததுதான்.

அதோடு, பழைய எபிசோடுகள் சேனலின் ஆப்பில் இருக்கும்வரை அங்கேயே முதலிலிருந்து பாருங்கள். குழுவில் ஒருவர் இறக்கி வாட்ஸப்பில் அனுப்ப, மற்றவர்கள் அதைப் பார்த்தால், யார் கணக்கிலும் ஏறாது. நிறுத்திய சீரியலை ஆப்பில் இன்னும் ஆள் பார்க்கிறது என்பது அந்த ஆபீசில் ஒருவர் கண்ணில் பட்டாலே உங்கள் கடிதத்துக்குக் கனம் கூடும்.

சீக்கிரம் செய்ய வேண்டும் என்பது முக்கியம். சீரியல் நின்ற மறுவாரமே வாடகை வீட்டைக் காலி செய்வார்கள். கதாநாயகி அடுத்த சீரியலுக்குக் கால்ஷீட் கொடுத்தால், இரண்டு சேனலில் ஒரே முகம் வருவதை அந்தச் சேனல் விரும்பாது. தம்பியாக நடித்த பையனுக்கு மீசை முளைத்துவிடும், சிரிக்காதீர்கள், சிறுவர்களை வைத்து எடுத்த எத்தனையோ கதைகளுக்கு இதுதான் நிஜமான சிக்கல். மூன்று மாதத்துக்குள் அசைவு இல்லையென்றால் படப்பிடிப்புக் கோரிக்கையை விட்டுவிட்டு, கதை எழுதியவர் ஒரு பேட்டியிலாவது முடிவைச் சொல்லட்டும் என்று கேளுங்கள். அதைச் சேனல் பெரும்பாலும் தடுக்காது.

அக்கா சொன்ன பணம் போடும் யோசனைக்கு மதிப்பு உண்டு, ஆனால் இந்த இடத்தில் இல்லை. 1976இல் குஜராத்தில் 5 லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு 'மந்தன்' என்ற படத்தையே எடுத்தார்கள். 2013இல் அமெரிக்காவில் 'வெரோனிகா மார்ஸ்' என்ற நின்றுபோன தொடரின் ரசிகர்கள் 57 லட்சம் டாலர் சேர்த்து அதைச் சினிமாவாகக் கொண்டுவந்தார்கள். இரண்டிலும் எடுப்பவர்கள் முன்னால் நின்று கேட்டார்கள், வெரோனிகா மார்ஸ் விஷயத்தில் உரிமை வைத்திருந்த வார்னர் கம்பெனியின் சம்மதமும் முதலிலேயே இருந்தது. சேனலின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் நீங்கள் ஒரு ரூபாய் வசூலித்தாலும், நாளைக்கு ஊரில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். மகளிர் குழுக் கணக்கில் அந்தப் பணத்தைச் சேர்க்கவே வேண்டாம்.

பூண்டு விஷயம். எனக்குப் பிடித்திருக்கிறது. வேர்க்கடலை வேலை செய்ததற்குக் காரணம் அது கதைக்குள்ளிருந்து வந்தது என்பதுதான், உங்கள் கதாநாயகியும் பூண்டுக்காரி. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு என்பதால் ஒரு பத்திரிகைக்காரர் காதில் விழுந்தால் செய்தியாகவும் வாய்ப்பிருக்கிறது. ஆனால் ஆளுக்கு ஒரு பொட்டலம் என்று 600 அனுப்பினால் செக்யூரிட்டியே திருப்பி அனுப்பிவிடுவார். கடிதம் எழுதும் முப்பது பேரும் கடிதத்தோடு ஒரே ஒரு முழுப் பூண்டு வைத்தால் போதும். பச்சையாக அனுப்பாதீர்கள், கூரியரில் இரண்டு நாள் கிடந்தால் ஈரம் விட்டுக் கடிதமே நனைந்துவிடும். புகைபோட்டு நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து, காகிதப் பையில் காற்றுப் போகிற மாதிரி வைத்து அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை போய்ச் சேருகிற மாதிரி போடுங்கள், வியாழக்கிழமை வேண்டாம்.